ஃபேனை அணைத்த கை

யாராவது பொடிப் பொட்டலத்தைப் பிரித்தால் என் கை தானாக ஃபேன் சுவிட்சுக்குப் போய்விடும். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷமாகப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறேன். மருந்து பறக்கக் கூடாது என்று அந்த அறையில் ஃபேனே கிடையாது. வீட்டில் மாவு சலிக்கும்போதும் அணைத்துவிடுவேன். மகள் கேலி செய்வாள். அவளும் அதே கம்பெனிக்குத்தான் என்னோடு வேனில் வருகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க விருதுநகரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை செல்போன் கடை வைத்திருக்கிறார். எங்கள் சின்ன ஹாலில் பதினான்கு பேர். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்கும் ஹாலுக்கும் சும்மாவே நடந்துகொண்டிருந்தேன். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது.

"வீடு நல்லாக் காத்தோட்டமா இருக்கு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. இருப்பது ஒரே ஜன்னல், அதையும் பீரோ மறைத்திருந்தது. நான் சிரித்து வைத்தேன்.

பேச்சு நல்லபடியாகப் போனது. என் மகளின் நெற்றியில் பூசிவிட, அந்தம்மா கோயில் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். பெண் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பாவி நான், ஃபேனை அணைத்துவிட்டேன்.

வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும்போது ஃபேனை அணைப்பது, எழுந்து போங்கள் என்று சொல்வதுபோல. மாப்பிள்ளையின் தாய்மாமா முகம் சுருங்கிவிட்டது. "எங்கள கெளம்பச் சொல்லுறீகளா?"

"ஐயோ, இல்லண்ணே. திருநூறு பறந்துரும்னு..."

நான் சொல்லி முடிப்பதற்குள் புழுக்கம் எல்லார் மேலும் இறங்கியது. அந்தம்மா மூக்கைச் சுளித்தார். "என்ன இது, கந்தக வாடை?"

அதே அறை, அதே ஆட்கள். ஃபேன் சுற்றியவரை வாடையே இல்லை அவருக்கு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அவர்மேல் பாதி, என்மேல் பாதி. மகளே போய் ஃபேனைப் போட்டாள். ஆனால் அந்தம்மா பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "வீட்ல பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்."

அவர்கள் கார் தெருமுனை தாண்டியதும் மகள் என்னிடம் வந்து தலையைக் குனிந்தாள். "ஏம்மா, எம்மேலயா அடிக்குது? மோந்து பாத்துச் சொல்லு."

உச்சந்தலையில் மூக்கை வைத்து இழுத்தேன். சீயக்காயும் மல்லிகையும் தெரிந்தன. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இருபது வருஷமாக அந்த வாடைக்குள்ளேயே கிடக்கிற மூக்கு இது, அதை எப்படி நம்புவது?

"எனக்குத் தெரியல தாயி" என்றேன்.