பலூன் கடையில் பார்த்த மாப்பிள்ளை

பேத்தியைப் பெண் கேட்டு வந்த பள்ளிப்பட்டுப் பையனை, இன்று கிருத்திகைக் கூட்டத்தில், மலையடிவாரத்துப் பலூன் சுடும் கடையில் பார்த்தேன்.

அங்கே ஒருவன் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு சுட்டான். பர்மா யுத்தத்துக்குப் போய்வந்தவராம் ஒருவர், துப்பாக்கியைத் தொடாமலே எல்லோருக்கும் பாடம் நடத்தினார்.

நம் பையன் ஒரு பலூனைக்கூட உடைக்கவில்லை.

"துப்பாக்கி கோணலுங்க" என்றான்.

பிறகு, "காத்து தள்ளிகினு போவுது."

அதற்கும் பிறகு, "பக்கத்துல நின்னுகினு இருமுறாங்க, எப்படிச் சுடறது?"

இருமியவள் நான்தான்.

கூட வந்திருந்த அவன் அம்மா, "ஆங், அவன் மேல தப்பே இல்லீங்க" என்றாள்.

"அதுக்குத்தாம்மா பயப்படறேன். நாளைக்கு அவன் கால் தடுக்கினாலும் என் பேத்தி மேலதானே தப்பு?" என்று கேட்டேன். சம்பந்தம் வேண்டாமென்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

நல்ல இடம் போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெண் ஜாதகத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.