கண்ணளவுக்காரரின் பின்முற்றம்

தெருவில் அவருக்குக் கண்ணளவு என்று பெயர். டேப்பை எடுக்காமல், வாசலில் நிற்கும் ஆளைப் பார்த்தே சட்டை தைத்துவிடுவார் என்பார்கள். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததும் தையல் கடையை மூடினார். மனைவி முன்பே இறந்துவிட்டார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் வராமல் புரட்டுவது எல்லாம் ஒரே மகள்தான். போன கோடையில் அவளைக் காணவில்லை.

"யாரோடயோ ஓடிப்போயிட்டா மாமா" என்றான் மருமகன். அதன் பிறகுதான் அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள்.

அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஊட்டினால் விழுங்குவார், புரட்டினால் புரளுவார். அவ்வப்போது ஒன்று மட்டும் கேட்பார்: "என்கிட்டகூட சொல்லாம போயிருப்பாளா?"

"எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்பேன். 

கட்டிலில் இருந்தே ஜன்னல் வழியாகப் பின்முற்றம் தெரியும். செடி ஒன்றும் கிடையாது, வெறும் களிமண். மருமகன் தினமும் காலையில் குழாயை நீட்டி அதில் தண்ணீர் அடிப்பான். "உங்க நெஞ்சுச் சளிக்குத் தூசி ஆகாது மாமா."

"பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்க்காது" என்பார் கண்ணளவு.

மகளின் தோழி ஒருத்தி விடாமல் புகார் கொடுத்ததில் போலீஸ் வந்தது. கூடவே மண்ணை ஆராயும் பெண் ஒருத்தி, புல் வெட்டும் இயந்திரம் போன்ற ராடார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அது மண்ணுக்குள் அலையை அனுப்பும். திரும்பி வருவதைத் திரையில் கோடுகளாகக் காட்டும்.

"எலும்பெல்லாம் இதுல தெரியாது சார். தோண்டி மூடின இடம் தெரியும்" என்றாள் இன்ஸ்பெக்டரிடம்.

அன்று அதுவும் தெரியவில்லை. ஊறிப்போன களிமண் அலையை அப்படியே விழுங்கிவிட்டது. திரை முழுக்க மூட்டம்.

"என்னம்மா, புதையல் ஏதாவது கிடைச்சுதா?" என்று மருமகன் சிரித்தான்.

அவள் ஜன்னலுக்கு வந்தாள். "இங்க யாருங்க ஐயா இவ்வளவு தண்ணி ஊத்துறது?"

"மாப்பிள்ளைதான். எனக்காக" என்றார் பெருமையாக. அவள் திரும்பிப் போய் ஈர மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள்.

மறுநாள் வண்டி வரவில்லை. இரும்புக் கம்பிகள் வந்தன. டேப்பை நீட்டி வைத்து, வரிசையாகக் கம்பிகளை ஊன்றி, மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள்.

"டேப் தொய்யுது பாப்பா. இப்படி அளந்தா கழுத்து இடுப்புல வந்து நிக்கும்" என்றார் கண்ணளவு கட்டிலில் இருந்து. போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். அவள் டேப்பை இழுத்துப் பிடித்தாள். மருமகன் சிரிக்கவில்லை.

சுவர் ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் மின்சாரம் தடையில்லாமல் ஓடியது. "ஒரு தடவை கிளறின மண்ணு பழையபடி இறுகாது சார். ஊத்துற தண்ணியை மத்த இடத்தைவிட அதிகமா பிடிச்சு வெச்சுக்கும்" என்றாள். ராடாரை மறைத்த தண்ணீர், கம்பிக்கு இடத்தைக் காட்டிவிட்டது.

தோண்டினார்கள். "ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மாத்திரை நேரம் வந்தது, கொடுத்தேன்.

பிறகு இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் உறையோடு உள்ளே வந்தார். உள்ளே மண் படிந்த பாலியெஸ்டர் ரவிக்கை. கண்ணளவு இடக்கையால் உறைக்கு மேலேயே பக்கத் தையலைத் தடவிப் பார்த்தார்.

"மத்தவங்களுக்கு உள்ள ஒரு விரல் துணி விடுவேன். இவளுக்கு ரெண்டு விரல். பின்னாடி உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்னு."

"அப்ப உங்க பொண்ணோடதுதானா?"

"ஆமா. பிரிக்கவே இல்ல."

வாசலில் மருமகனை ஜீப்பில் ஏற்றும் சத்தம் கேட்டது. கண்ணளவு அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தார்.

"அப்ப அவ என்னை விட்டுட்டுப் போகல."

"இல்லைங்க ஐயா."

"சரி" என்றார். பிறகு, "புரட்டுற நேரம் ஆச்சே?" என்றார்.

"எந்தப் பக்கம் விடட்டும்?"

"ஜன்னல் பக்கமே விடும்மா."

புரட்டி, முதுகுக்குத் தலையணை வைத்தேன். வெளியே அவர்கள் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.