சாத்துக்குடிச் சாறும் ஒரு பொய்யும்

1950களில் ராயபுரத்துப் பழக்கடை ஒன்றில் சாறு பிழிந்துகொண்டிருந்தேன். சாத்துக்குடிச் சாறு எலும்பை இரும்பாக்கும் என்று முதலாளி சொல்லச் சொன்ன பொய்யை, வயதான பெண்களிடம் கூசாமல் சொன்னேன். மீன் விற்கும் கன்னியம்மா அதை நம்பி தினமும் குடித்தார்.

ஒருநாள் கையில் கட்டோடு வந்தார். வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்திருந்தது.

"பாலையும் நெத்திலியையும் வுட்டுட்டு இதையே குடிச்சேன் நைனா. ஒரு டம்ளரு பத்தல போல கீது. இனிமே ரெண்டா குடு."

முதலாளி சிரித்தபடி, "ஆமாம்மா, உன் வயசுக்கு ரெண்டு வோணும்" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "அத்தினியும் பொய்யிம்மா! எலும்புக்குப் பாலும் நெத்திலியும்தான் வோணும், மறுபடி சாப்டு!" என்று கத்தினேன்.

கன்னியம்மா என்னையே பார்த்தார். "அப்போ இத்தினி நாளா நீ ஏன் சொன்னே?"

வேலை அன்றே போயிற்று. முதலாளி மீதிருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. என் மீதுள்ளது ஆறவில்லை.