ஒரு பால்ரஸுக்காக வாங்கிய சத்தியம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தல்லாகுளத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் இது எல்லோருக்கும் தெரியும். கேன்டீன் டீ ஆறிப்போய் வந்தாலும், மாடிக் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், "மேடத்துகிட்ட சொல்லுங்க, அவங்க கேட்பாங்க" என்பார்கள். நானும் கேட்பேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

என்னுடையது பன்னிரண்டு வருடப் பழைய டர்போ டீசல் கார். ஆனையூர் வீட்டிலிருந்து தினமும் அதில்தான் வேலைக்குப் போவேன். பானட்டைத் திறந்தால் பென்சில் தடிமனில் கறுப்பு ரப்பர் ஹோஸ்கள் இங்கும் அங்கும் ஓடும். ஒரு பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சல் இந்த ஹோஸ்கள் வழியாகப் போய் இரண்டு வேலை செய்யும். ஒரு ஹோஸ், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் கம்பியை இழுக்கும்; அப்போதுதான் வண்டிக்கு இழுவை வரும். இன்னொன்று, புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் கதவைத் திறக்கும். எதை எப்போது திறப்பது என்பதை இரண்டு சின்ன வால்வுகள் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் புகைக் கதவை அடைத்துவிட்டால் வண்டி பறக்கும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். சும்மா இருக்க முடியுமா? சைக்கிள் கடையில் பால்ரஸ் என்கிற சின்ன இரும்புக் குண்டு நாலு வாங்கி, ஒரு குண்டை அந்தக் கதவுக்குப் போகும் ஹோஸுக்குள் நானே திணித்தேன். மிச்சம் மூன்றும் சின்ன பிளாஸ்டிக் கவரோடு டேஷ்போர்டுக்குள் போயின. மெக்கானிக் அண்ணனிடம் சொல்லவில்லை, சொன்னால் திட்டுவார். ஒரு வருடம் ஓடியது. குண்டு போட்டதையே சுத்தமாக மறந்துவிட்டேன்.

அந்த அண்ணனுக்குப் பரவை மார்க்கெட் தாண்டி, திண்டுக்கல் ரோட்டில் ஒர்க்ஷாப். ஆறு வருடமாக என் வண்டியைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். சொந்தமாக ஒரு ஷட்டர் போட்டு, அதற்கு மேல் தன் பெயரை எழுதிய முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் அவர்தான். என் அலுவலகத்தில் ஏழெட்டுப் பேரை அவரிடம் அனுப்பியது நான்.

போன சித்திரை வெயிலில் ஹோஸ்கள் வெடித்துவிட்டன என்று வண்டியை விட்டேன். சாயங்காலம் போனபோது வேலை முடிந்திருந்தது. வெடித்த இரண்டைப் புதிதாக மாற்றியதாகச் சொன்னார். புகைக் கதவுக்குப் போன பழைய ஹோஸ் மட்டும் வெடிக்காமல் கெட்டியாக இருந்ததால், அதைக் கழற்றி டர்போவுக்குப் போட்டிருப்பதாகவும், அதுதான் முக்கியமான லைன் என்றும் விளக்கினார். நான் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

மறுநாள் பாலத்தில் ஏறும்போது வண்டி இழுக்கவே இல்லை. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தே என்னை மேலே தள்ளிக்கொண்டு போனார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பானட்டைத் திறந்து பார்த்தேன். டர்போ வால்வில் எப்போதும் இருக்கும் வெள்ளைப் பெயின்ட் பொட்டைக் காணோம். அவ்வளவுதான், என் வால்வைக் கழற்றிக்கொண்டு எதையோ மாட்டிவிட்டார் என்று முடிவே செய்துவிட்டேன்.

ஒர்க்ஷாப்பில் அப்போது அஞ்சு பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். வால்வு அழுக்காக இருந்தது, பெட்ரோல் போட்டுத் துடைத்தேன், பொட்டு அழிந்திருக்கும் என்றார். நான் நம்பவில்லை. பொம்பளைக்கு என்ன தெரியும் என்றுதானே கை வைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் கறுத்துப்போனது. அதோடாவது நிறுத்தியிருக்கலாம்.

"நீங்க எடுக்கலேன்னா பதினெட்டாம்படியில வந்து சத்தியம் பண்ணுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இது விளையாட்டுப் பேச்சு இல்லை. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் பொய் சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. உண்மை சொல்கிறவனுக்கே அங்கே கால் நடுங்கும். நிலத் தகராறுக்கும் பங்காளிச் சண்டைக்கும் போகிற இடத்துக்கு, நான் ஒரு வால்வுக்காகக் கூப்பிட்டேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"சரி. வெள்ளிக்கிழமை வாரேன் மேடம்."

தங்கச்சி போய் மேடம் வந்தது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. ஜெயித்துவிட்ட மாதிரி வீட்டுக்கு வந்தேன். அலுவலகத்திலும் பரப்பினேன். இரண்டு பேர் அந்த வாரமே வண்டியை வேறு இடத்தில் விட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், ஒரு ரப்பர் குழாய்க்காகச் சாமிகிட்ட போகிற ஆள் நீ ஒருத்திதான் என்று சொல்லிவிட்டு, கூட வர மறுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது அவர் முன்பே வந்து நின்றார். ஒர்க்ஷாப்பைப் பூட்டிவிட்டு, மூன்று நாள் விரதம் இருந்து, தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்திருந்தார். சாட்சிக்குப் பக்கத்து வெல்டிங் கடைக்காரரைத் தன் பைக்கில் கூட்டி வந்திருந்தார். சூடம் இருந்தது, தீப்பெட்டி இல்லை. காரில் கிடக்கிறது, எடுத்து வருகிறேன் என்று நான் திரும்பி வந்தேன்.

டேஷ்போர்டைத் திறந்து கையை விட்டேன். தீப்பெட்டியோடு அந்தப் பிளாஸ்டிக் கவரும் வந்தது. உள்ளே மூன்று குண்டுகள்.

பானட்டைத் தூக்கி, டர்போவுக்குப் போகும் ஹோஸை விரலால் நசுக்கிக்கொண்டே வந்தேன். நடுவில் கெட்டியாகத் தட்டுப்பட்டது. நான் போட்ட குண்டுதான். புகைக் கதவிலிருந்து அவர் கழற்றி மாற்றிய அதே ஹோஸ்தான்.

இங்கே நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. நேராகப் போய், அண்ணே, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். ஐம்பது அடி தூரம்கூட இல்லை. அந்த வெல்டிங் கடைக்காரர் பரவை முழுக்கச் சொல்லிச் சிரிப்பாரே என்றுதான் நினைத்தேன். கேட்கிறவள் என்ற என் பேர் என்னாவது என்று நினைத்தேன். கவரை டேஷ்போர்டிலேயே போட்டு மூடிவிட்டு, தீப்பெட்டியோடு போனேன்.

அங்கே கருப்புக்குச் சிலை இல்லை, கதவுதான் சாமி; சந்தனம் அப்பிய அந்தக் கதவுக்கு முன்னால் அவர் சூடத்தை ஏற்றினார்.

"இந்த அம்மா வண்டியில நான் எதையும் எடுக்கல. எடுத்திருந்தா இந்தக் கை வெளங்காமப் போகட்டும். தெரியாமத் தப்பு நடந்திருந்தா நீதான் பொறுத்துக்கணும்."

சூடம் அணையும் வரை கும்பிட்டுக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்தது. நான் பக்கத்தில் கல்லு மாதிரி நின்றேன். கல்லுக்காவது பொய் சொல்லத் தெரியாது.

வீட்டுக்குப் போய்க் குண்டை எடுத்து எறிந்துவிட்டால் கதை முடிந்தது என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் விடவில்லை. கோளாறு என்னவென்று பார்க்காமல் தனக்குத் தூக்கம் வராது என்றார். பைக்கை வெல்டிங் கடைக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டு என் காரில் ஏறிக்கொண்டார். தீப்பெட்டியை அவர்தான் டேஷ்போர்டைத் திறந்து உள்ளே வைத்தார். பரவை வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒர்க்ஷாப்பில் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தார். மூன்றாவது ஹோஸில் காற்றுப் போகவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதும் குண்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"நானும் மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஊது ஊதிப் பார்த்திருக்கணும்" என்றார். அப்போதும் தன் தப்பைத்தான் முதலில் சொன்னார். பிறகு கேட்டார்: "நீங்க போட்டதா?"

"ஆமாண்ணே. ஒரு வருசம் ஆச்சு. மறந்தே போச்சு."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

அவர் என்னைப் பார்க்காமல் ஹோஸை மாட்டிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல எனக்கு இன்னொரு வாய்ப்பு.

"இப்பத்தாண்ணே. இதப் பார்த்ததும்."

அவர் பானட்டை மூடினார். அந்தக் குண்டைத் துணியில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"டேஷ்போர்டுல மத்த மூணு கெடக்கு. அதோட போட்டு வச்சுக்கங்க மேடம்."

வண்டி அன்றிலிருந்து நன்றாக இழுக்கிறது. பரவைப் பக்கம் நான் போவதில்லை. அவரைத் திட்டியதை அஞ்சு பேர் கேட்டார்கள், அலுவலகமே கேட்டது. தப்பு என்னுடையது என்பதை அவரைத் தவிர யாரிடமும் நான் இதுவரை சொன்னதில்லை. அவரிடமும் நானாகச் சொல்லவில்லை.