ஓரம் மங்கும் கேமராவும் மதகு நம்பரும்

காலையில் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் கலியபெருமாள் சட்டை மடிப்புகூடத் தெரிய நிற்கிறார். ஓரத்தில் இருந்த மதகின் நம்பர் மட்டும் கரைந்துபோயிருந்தது. எந்த வயல் என்று காட்டும் அந்த நம்பருக்காகத்தான் படமே எடுத்தோம்.

குத்தகைதாரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்த நேரம் அது. பாபநாசம் பக்கம் கலியபெருமாள் பதினைந்து வருஷமாகச் சாகுபடி செய்த வயலில் அவர் காலே வைத்ததில்லை என்று மிராசுதார் மனு போட்டிருந்தார். பெயர் பதியாவிட்டால் வயலை விட்டு இறங்க வேண்டியதுதான். அன்று மாலை மூன்று மணிக்குத் தாலுகா ஆபீசில் விசாரணை.

கேமராவை நாகப்பட்டினத்தில் வெளிநாட்டுச் சாமான் விற்ற பாய் ஒருவரிடம் வாங்கியிருந்தேன். பெரிய கம்பெனி கேமராவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் பெயர் தெரியாத ஒரு மலிவுக் கேமராவைக் காட்டி அவர் உண்மையைச் சொன்னார்.

"பேருக்குப் பணத்தைக் கொட்டாதீங்க தம்பி. இதுலயும் அதே பிலிம்தான் போடப்போறீங்க. மிச்சத்துக்கு நல்ல ட்ரைபாட் ஒண்ணு எடுத்துக்குங்க. லென்ஸை முழுசாத் திறந்தா ஓரம் மங்கும். லென்ஸ் வாயைச் சுருக்கி, வளையத்துல பதினொண்ணுல வச்சு எடுங்க, கண்ணாடி மாதிரி விழும்."

முதல் பாதியைக் கேட்டுக்கொண்டேன். என் ஸ்டூடியோவில் ஓரத்தில் திரைச்சீலைதானே இருக்கிறது, மங்கினால் யார் கேட்கப்போகிறார்கள்? இரண்டு வருஷம் ஒரு புகாரும் இல்லை. முந்தின நாள் வயலுக்குப் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. ட்ரைபாடைத் தூக்கிப் போகச் சோம்பல், வெளிச்சம் பத்தாமல் லென்ஸை முழுசாகத் திறந்தேன். போட்டோ என்றால் சலவைச் சட்டையில் நடுவில் விறைப்பாக நிற்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். அவர் அப்படி நின்றார், நானும் பழக்க தோஷத்தில் மதகை ஓரத்தில் தள்ளிவிட்டேன்.

சைக்கிளில் ட்ரைபாடைக் கட்டிக்கொண்டு கலியபெருமாளின் வயலுக்கு விரைந்தேன்.

"தப்பு என்னோடதுங்க. நம்பர் விழல. திரும்ப எடுக்கணும்" என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெயிலைப் பார்த்தார்.

"நேரம் இருக்குல்ல? எங்க நிக்கணும்னு சொல்லுங்க."

"நிக்க வேணாங்க. தெனம் இங்க என்ன செய்வீங்களோ அதைச் செய்ங்க."

சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு வாய்க்காலில் இறங்கினார். மதகுப் பலகையைத் தூக்கினார். தண்ணீர் வயலுக்குள் பாய்ந்தது. நம்பரை நடுவில் வைத்து, பதினொன்றில் எடுத்தேன்.

ஈரம் காயாத பிரிண்ட்டோடு ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தோம். மிராசுதாரின் காரியஸ்தர் என் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"பேரே கேள்விப்பட்டதில்லையே. இதுல எடுத்ததெல்லாம் சாட்சியாங்க?"

அதிகாரி படத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நான் கேமராவையா பதியப்போறேன்? நம்பர் தெரியுது. தண்ணி பாய்ச்சுறவர் மூஞ்சியும் தெரியுது."

சில வாரம் கழித்துக் கலியபெருமாள் ஒரு காகிதத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவர் பெயர், தகப்பனார் பெயர், வயலின் சர்வே நம்பர் என்று வரிசையாக வாசித்தேன்.

"இன்னொரு தடவ வாசிங்க" என்றார். வாசித்தேன். மூன்றாவது தடவை கேட்டபோது ஒவ்வொரு சொல்லிலும் அவர் விரலை வைத்து வாசித்தேன்.

இன்றைக்கும் மலிவான கேமராவைத்தான் வாங்கச் சொல்வேன். முதல் ரோலை மட்டும் உங்கள் வீட்டுச் சுவருக்குச் செலவழியுங்கள். அதில் செய்தித்தாளை ஒட்டிப் படம் எடுத்து, எந்த ஓரத்தில் எழுத்து மங்குகிறது என்று பாருங்கள். அதை நான் அடுத்தவர் வயலில் போய்ப் பார்த்தேன்.