எண்பத்து நாலாவது பாட்டு

தன் நிழல் பின்னால் வந்தால்கூட இரண்டு தரம் திரும்பிப் பார்க்கிற ஆள் அவர். டாக்ஸி நிறுத்தத்தில் அவருக்கு மோப்பக்காரர் என்று பெயர். கேட்டாலும் கோபப்பட மாட்டார், பாராட்டு என்றே நினைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் காரில் மெமரி கார்டு போடுகிற ஸ்டீரியோ வந்து சேர்ந்தது. விரல் நகமளவு கார்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டு. ஏற்றிக் கொடுத்தவன் மனைவியின் தம்பி. லேத் பட்டறையில் வேலை, இவர்கள் வீட்டு மாடி அறையில் குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக் கழுவுவதும் அவன்தான். கழுவும்போது பாட்டுக் கேட்க வேண்டுமே, அதற்காக ஒரு சாவி அவனிடம் இருந்தது.

வண்டியை அணைத்தால் பாட்டு எங்கே நின்றதோ, மறுநாள் அங்கிருந்தே தொடரும். ஊருக்கெல்லாம் அது வசதி, இவருக்கு மட்டும் காவல்காரன். தினமும் இறங்குமுன் திரையில் பாட்டின் எண்ணைப் பார்த்து, சமையலறைக் காலண்டரில் பென்சிலால் குறித்து வைப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் காலண்டர் எண்பத்து நாலு என்றது. கார் முதல் பாட்டைப் பாடியது. ஸ்டீரியோவின் மூலையில் கடிகாரம் வேறு பன்னிரண்டு காட்டியது. திருடன் வந்த நேரத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று தோன்றியது அவருக்கு. கிலோமீட்டர் ஒன்றுகூட ஏறவில்லை. அதைப் பார்த்ததும் சந்தேகம் தீரவில்லை, இறுகியது. பட்டறைக்காரனுக்குக் கிலோமீட்டரைத் திருப்பி வைக்கத் தெரியாதா என்ன?

"ராத்திரி வண்டியை எடுத்தியா மச்சான்?"

"நான் எதுக்கு மாமா எடுக்கப்போறேன்?"

"அப்ப சாவியைக் குடு."

சோற்றில் கை வைத்திருந்தவன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சாவியைக் கொண்டுவந்து வைத்தான். அந்த ஞாயிறு காரைக் கழுவ யாரும் வரவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் முதல் பாட்டு, மறுபடியும் பன்னிரண்டு மணி. இரண்டு சாவியும் இவர் இடுப்பில்தான் இருந்தன. வேறு யாராவது என்றால் அங்கேயாவது யோசித்திருப்பார்கள்.

"உன் தம்பி கள்ளச்சாவி அடிச்சிருக்கான். பட்டறையில அவனுக்கு அஞ்சு நிமிஷ வேலை" என்றார் மனைவியிடம்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவாங்க. உங்களுக்குப் பட்டப்பகல்லயே தெரியுது" என்றாள் அவள். மாடிப்படியில் நின்றிருந்தவன் காதில் எல்லாம் விழுந்தது. அன்று சாயங்காலமே ஒரு பையோடு பட்டறையின் பின்னறைக்குக் குடிபோய்விட்டான். அக்கா வாசலில் நின்று அழுதாள். இவர் உள்ளே உட்கார்ந்து கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் கார் கிளம்பவே இல்லை. மெக்கானிக் வந்து காரின் முன்மூடியைத் திறந்தார்.

"பேட்டரி செத்துப்போச்சுண்ணே. கொஞ்ச நாளாவே சாகக் கிடந்திருக்கு. வண்டியை ஸ்டார்ட் பண்றப்ப கரண்டு பத்தாம ஸ்டீரியோ எல்லாத்தையும் மறந்துடும். முதல் பாட்டுலேர்ந்து பாடும், மணி பன்னிரண்டுன்னு காட்டும். நீங்க பாக்கலையா?"

பார்க்காமல் என்ன? அவரைப்போல யார் பார்த்திருப்பார்கள்? வெட்கத்தில் அவர் முகம் தொங்கிப்போயிற்று. புது பேட்டரி மாட்டியதும் நேரே பட்டறைக்குப் போனார்.

"தப்பு என்மேலதான் மச்சான். வீட்டுக்கு வா. இந்தா சாவி."

மச்சான் லேத்தை நிறுத்தினான். கோபம்கூட இல்லை அவன் முகத்தில்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. பேட்டரி இன்னொரு நாளும் சாகும். அன்னிக்கும் என் பேரு வர வேண்டாம். அக்காவை மட்டும் அப்பப்ப வந்து பாத்துக்கறேன்."

அவர் சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றைய சவாரிகளை முடித்து ராத்திரி வீட்டில் வண்டியை நிறுத்தினார். முப்பத்தேழாவது பாட்டு. பழக்கதோஷத்தில் காலண்டரில் குறித்தும் வைத்தார். மனைவி அதைப் பார்த்தாள்.

மறுநாள் ஞாயிறு. தூசி படிந்த காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். முப்பத்தேழு, விட்ட இடத்திலிருந்தே பாடியது. வண்டியை யாரும் தொடவில்லை. தொடுவதற்கு வீட்டில் யாரும் இல்லை.