கய்யூம் பாய் படம் பார்ப்பதில்லை

டி.வி.யைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்துவிட்டு, அதன் முதுகுப் பக்கம் புகுந்து நின்றுகொள்வார் அப்துல் கய்யூம். திரையில் என்ன தெரிகிறது என்பதை வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

“இன்னா தெர்து மாமி?”

“ஒண்ணும் தெரியலை. வெறும் நீலமா இருக்கு.”

“சத்தம்?”

“உர்ருங்கறது.”

“ஒயர புடுங்கினீங்களா?”

“பூஜை வர்றதோன்னோ, எல்லாத்தையும் கழட்டித் துடைச்சேன்.”

“மஞ்ச ஒயர செவப்பு ஓட்டைல சொருகிக்கீறீங்க.”

“எல்லாம் ஒரே ஓட்டையாத்தான் இருக்கு.”

மயிலாப்பூரில் நீரஜா மாமி வீட்டில் சீர்ப் பாத்திரம் இறக்கப் போனபோது இதைப் பார்த்தேன். அன்றே இந்த ஆளைக் குறித்து வைத்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் செம்பா, செம்பு முலாமா என்று தட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். ரங்கநாதன் தெருவில் சொந்தப் பாத்திரக் கடை சும்மா வந்துவிடவில்லை. மனிதர்களும் எனக்கு அப்படித்தான்.

கய்யூம் பாய்க்கு ஐம்பது தாண்டியிருக்கும். டி.வி., டிவிடி பிளேயர் ரிப்பேர் பார்க்கிறவர்; மீர்சாகிப்பேட்டையிலிருந்து மொபெட்டில் வருவார். பையில் இரண்டு திருப்புளி, ஒரு சின்ன பெயின்ட் பிரஷ், துவைத்து மடித்த பழைய பனியன் துணி. வந்ததும் பிளேயர்மேல் போட்டிருக்கும் பூப்போட்ட உறையை எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுப்பார். “மெஷினுக்கு மூச்சு முட்டுது. உங்களுக்குக் கம்பளி போத்தி வெயில்ல குந்த வெச்சா சும்மா இருப்பீங்களா?” என்பார். எல்லாக் கோளாறுக்கும் முதலில் கரண்ட்டைத்தான் குறை சொல்வார். பாதிக்கு மேல் அது தவறாக இருக்கும். தவறு என்று தெரிந்த பிறகும் கரண்ட்டை மன்னிக்க மாட்டார்.

எத்தனையோ வீட்டில் எத்தனையோ டிஸ்க்கை ஓட வைத்தவர், ஒன்றையும் முன்னால் வந்து பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டேன். “அது அவுங்க வூட்டு விசேசம். நம்ம இன்னாத்துக்குப் பாக்கணும் அண்ணாச்சி?” என்றார்.

போன ஆவணியில் என் ஒரே மகள் சரண்யாவுக்குக் கல்யாணம் செய்தேன். மண்டபம், பந்தி, மேளம் எதிலும் ஒருவர் குறை சொல்ல முடியாது. என் மனைவி தங்கபுஷ்பம் மட்டும் தாலி கட்டியதைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பன்னீர்ச் செம்பு கேட்டார்கள் என்று அறைக்குப் போனாள். பாத்திரக்கடைக்காரன் வீடு; ஏழு செம்பு இருந்தது. எதை எடுப்பது என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கெட்டிமேளம் முடிந்துவிட்டது.

மகள் சிங்கப்பூர் போய், அங்கிருந்து ஒரு டிவிடி பிளேயரும், கல்யாணப் படத்தை ஏற்றிய டிஸ்க்கும் ஆள் மூலம் அனுப்பினாள். வந்து சேர்ந்தது ஆயுத பூஜை அன்று. தையல் மெஷின், கிரைண்டர், கால்குலேட்டர் என்று வரிசையாகப் பொட்டு வைத்து வந்த தங்கபுஷ்பம், டிஸ்க்குக்கு எந்தப் பக்கம் முகம் என்று யோசித்தாள். பளபளவென்று இருந்த பக்கத்தில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாள்.

மறுநாள் போட்டுப் பார்த்தோம். பெண் அழைப்பு ஓடியது. தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். அப்படியே நின்றுவிட்டார். அணைத்து அணைத்துப் போட்டோம். தாலியும் கையுமாக அங்கேயே நின்றார். தங்கபுஷ்பம் மத்தியானம் சாப்பிடவில்லை. “கண்ணால பாக்கக் குடுத்து வைக்கல. படத்துலயுமா?” என்று மட்டும் சொன்னாள். ஆள் விட்டுக் கய்யூம் பாயை வரவழைத்தேன்.

டி.வி.க்கு மேலே இருந்த பிளேயரின் உறையை எடுத்தார். கரண்ட்டைத் திட்டினார். டிஸ்க்கை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். திட்டுவதை நிறுத்திவிட்டுப் பையிலிருந்து பனியன் துணியை எடுத்து நீட்டினார்.

“இத நா தொட மாட்டேங்க்கா. நீங்களே தொடச்சிடுங்க.”

“நான் எப்படித் தொடைப்பேன் பாய்? இப்பத்தான் கல்யாணம் ஆன பிள்ளை. பொட்ட அழிங்கியளே.”

“டிஸ்க்குதான, தொடைச்சா என்ன?” என்றேன் நான். அவள் திரும்பிப் பார்த்தாள். கடையில் முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவன் நான். வாசலுக்குப் போய்ச் செருப்புகளை வரிசையாக வைத்துவிட்டு வந்தேன்.

கய்யூம் பாய் அவசரப்படவில்லை. துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பிறகு டிஸ்க்கைத் திருப்பி, சரண்யா பெயர் எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினார்.

“அழிக்க வாணாங்க்கா. இடம் மாத்திக்கலாம். பேரு எங்க கீதோ அதாங்க்கா முகம். மொதல்ல இங்க ஒண்ணு வைங்க, மெல்லிசா. வெச்சப்புறம் அந்தப் பக்கத்த எடுங்க. நடுவுல ஒரு நிமிசங்கூட பொட்டு இல்லாம இருக்காது.”

தங்கபுஷ்பம் குங்குமச் சிமிழை எடுத்தாள். “அப்பம் சரி,” என்றாள்.

பெயருக்குப் பக்கத்தில் மிளகளவு குங்குமம் ஏறியது. பிறகுதான் அவரிடம் துணியை வாங்கி ஈரமாக்கினாள். “நடுவுலேர்ந்து வெளிய இழுங்க. சுத்திச் சுத்தித் தேய்க்காதீங்க, கோடு வுழும்,” என்று எட்ட நின்றே சொன்னார். துடைத்து முடித்தவள் பூஜை அறைக்குள் போய்விட்டு வந்தாள். கும்பிடப் போனாள் என்று நினைத்தேன். வரும்போது வலது கையை மூடி வைத்திருந்தாள்.

கய்யூம் பாய் டிஸ்க்கைப் போட்டுவிட்டு, டி.வி.யின் முதுகுப் பக்கம் போனார்.

“இன்னா தெர்து?”

“தட்டு வருது.”

“இப்போ?”

“தாலிய எடுத்துட்டாரு.”

“நின்னுச்சா?”

பதிலைக் கெட்டிமேளம் சொன்னது. தங்கபுஷ்பம் எழுந்து நின்று, மூடியிருந்த கையைத் திறந்து, மஞ்சள் அரிசியை மகள் தலைமேல் என்று நினைத்து டி.வி.மேல் தூவினாள்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் நீண்டன. அகல விரிந்து, பிளேயரின் மேல்மூடியிலிருந்த காற்றுத் துளைகளை மூடிக்கொண்டன. அரிசி புறங்கையில் விழுந்தது. மேளம் ஓயும் வரை அவர் கையை எடுக்கவில்லை.